எல்.பி.டபிள்யூவையும் எடுக்க வேண்டாம், மத்தியானச் சாப்பாட்டையும் எடுக்க வேண்டாம்

போன கிழமை எங்கள் பகுதிக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள், வருகிற பருவத்துக் கடினபந்துக் கிரிக்கெட் லீக்கில் என்னென்ன விதிகளை மாற்றலாம் என்று பேச. ஒரு தாளில் ஐந்து முன்மொழிவு அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். 40 ஓவரை 20 ஆக்குவது, 50 ஓட்டம் அடித்தவர் ஓய்வு எடுத்து வெளியே வருவது, ஒரே நாளில் ஒரே மைதானத்தில் இரண்டு போட்டி வைப்பது, அதனால் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையை நிறுத்துவது, பிறகு ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறைத்தால் அவுட் என்கிற எல்.பி.டபிள்யூவை (சுருக்கமாக எல்பி) லீக்கிலிருந்து முற்றாக எடுத்துவிடுவது. கடைசி இரண்டும்தான் எனக்கு நித்திரை வராமல் செய்தவை. கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் தந்தார்கள், அதற்குள் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுமையாக வாசியுங்கோ.

முதல் மூன்றைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. 20 ஓவர் என்றால் கடையிலும் கட்டட வேலையிலும் நிற்கிற பெடியங்கள் அரை நாள் லீவோடு வந்து விளையாடிவிட்டுப் போகலாம், அது உண்மை. 40 ஓவர் இருந்தால்தான் ஒரு சுழற்பந்துக்காரன் எட்டு ஓவர் போட்டுப் பழகலாம் என்பதும் உண்மை, ஆனால் ஆள் சேராமல் ஒன்பது பேரோடு இறங்கின நாட்களையும் பார்த்திருக்கிறேன். 50 அடித்தவர் வெளியே வரும் விதி பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சரி, எல்லாருக்கும் அடிக்க இடம் கிடைக்கும். பெரியவர்களுக்கு வேண்டாம். வாழ்நாளில் ஒருமுறை சதம் அடிக்கிற வாய்ப்பு வந்தவனை 50இல் கூப்பிட்டு மரத்துக்குக் கீழே இருத்துவது பாவம்.

சரி, எல்பிக்கு வருவோம். எடுக்க வேண்டும் என்பதற்குச் சொன்ன காரணம் சண்டை. எங்கள் லீக்கில் துடுப்பெடுத்தாடுகிற அணியே இரண்டு பேரை நடுவராக விட வேண்டும், ஸ்கோர் எழுதுவதும் அவர்கள்தான். எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து அப்படித்தான். தன்னுடைய அணிக்காரனுக்கு எல்பி கொடுக்க யாருக்கும் மனம் வராது, எதிர் அணி கத்தும், போன பருவத்தில் இரண்டு போட்டி பாதியிலேயே நின்றது. ஒரு அணி ஸ்டம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனது. அந்த இரண்டு நாளும் நான் அங்கே நின்றவன், ஆகவே சண்டை என்று சொல்கிறவர்களை நான் பிழை சொல்லமாட்டேன். எல்பியை எடுத்துவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைக்கு எல்பி என்றால் நாளைக்குக் கீப்பர் பிடித்த பந்து துடுப்பில் பட்டதா இல்லையா என்று கத்துவார்கள். அதற்கடுத்த கிழமை ரன் அவுட். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் போல்ட் மட்டும்தான் மிஞ்சும்.

2011இல் எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் மைதானத்தில் சீமெந்துப் பிட்ச், அதற்கு மேலே பாய் விரிப்போம். காலையில் ஏழு மணிக்கே நான்கு பேர் போய் அந்தச் சுருட்டின பாயைத் தோளில் தூக்கி வந்து, இழுத்து, ஓரத்துக் கம்பிகளைச் சுத்தியலால் அறைவது எங்களைப் போன்ற சின்னப் பெடியங்களின் வேலை. அன்றைக்கு நான் பத்தாவதாக இறங்க வேண்டியவன், அதனால் நடுவராகப் போய் நிற்கச் சொன்னார்கள். பழைய வெள்ளைப் பள்ளிச் சேட்டுக்குள் ஆறு புளியங்கொட்டை. பந்து எண்ணுவதற்கு அதுதான் எங்களுக்கு. ஒரு பந்து போட்டால் ஒரு கொட்டை இடது பொக்கற்றிலிருந்து வலது பொக்கற்றுக்குப் போகும்.

எங்கள் கப்டன் ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு முதல் சப்பாத்து வாங்கித் தந்த மனிசன். எதிரணியில் நாற்பது வயதிருக்கும் ஒரு அண்ணை லெக் பிரேக் என்கிற சுழற்பந்து போட்டார். நாலாவது கொட்டை கையில் இருக்கிறது. பந்து பாய் தேய்ந்த இடத்தில் விழுந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போய் முழங்காலுக்குக் கீழே காலில் கட்டியிருந்த காப்பில் (பாட்) டொப் என்று அடித்தது, நடு ஸ்டம்புக்கு நேர் முன்னால். மூன்று ஸ்டம்பும் சேர்ந்த அகலம் 22.86 சென்றிமீற்றர்தான், அந்தக் கால் அதை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. பந்து போட்டவர் துள்ளவும் இல்லை, கத்தவும் இல்லை. திரும்பி "எப்படித் தம்பி?" என்று கேட்டார். என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். அவுட் என்று எனக்குத் தெரியும். கை எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு "நொட் அவுட்" என்றேன்.

எங்கள் இன்னிங்ஸ் முடிந்து மத்தியானச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் அதற்கொரு வழக்கம் இருக்கிறது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்த மைதானத்தில் விளையாடும் கழகம்தான் சாப்பாடு போட வேண்டும். வேப்ப மரத்துக்குக் கீழே படங்கு விரித்து, ஒரே அணிக்காரர் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது, மாறி மாறித்தான் இருக்க வேண்டும். குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, மீன் பொரியல். கையில் காசு இருந்த நாட்களில் தயிரும் இருக்கும். அந்த அண்ணை பேசாமல் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அது அவுட் தானே?"

"ஓம் அண்ணை."

"சரி, சாப்பிடு. அடுத்தமுறை குடு."

அவ்வளவுதான். தன்னுடைய இலையில் இருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து என் இலையில் வைத்துவிட்டு வேறு கதை பேசத் தொடங்கினார். அடுத்த வருடம் எங்கள் அணிக்காரன் ஒருவனுக்கு நான் எல்பி கொடுத்தேன். அவன் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை, பிறகு கதைத்தான். அந்த அண்ணை என்னை எல்லாருக்கும் முன்னால் ஏசியிருந்தால் நான் நடுவராக நிற்பதையே விட்டிருப்பேன், அல்லது இன்னும் பிடிவாதமாகப் பிழையாகத் தந்திருப்பேன். அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் அவர் என்னோடு பேச இடமே கிடைத்திருக்காது. அதனால்தான் இந்த இரண்டு முன்மொழிவையும் ஒரே தாளில் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது.

சர்வதேச கிரிக்கெட்டிலும் இதே பிரச்சினை இருந்தது. டெஸ்ட் போட்டிகள் 1877இல் தொடங்கின. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல், எந்த நாட்டில் போட்டி நடக்கிறதோ அந்த நாட்டுக்காரர்தான் நடுவர். எல்பியில் எத்தனை சண்டை, எத்தனை குற்றச்சாட்டு. 1986இல் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் லாகூரில் ஆடியபோது இந்தியாவிலிருந்து வி. கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் வந்து நடுவராக நின்றார்கள். 1994இலிருந்து ஒவ்வொரு டெஸ்ட்டிலும் ஒருவர் வேறு நாட்டு நடுவர், 2002இலிருந்து இரண்டு பேருமே வேறு நாடு. அதற்கும் பிறகு 2008இல், எங்கள் கொழும்பில் இந்தியா ஆடியபோதுதான், நடுவரின் முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் முறையை டெஸ்ட்டில் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தார்கள். இத்தனைக்கும் நடுவில் எல்பியை எடுத்துவிடுவோம் என்று ஒருவரும் முடிவெடுக்கவில்லை. நடுவரைத்தான் மாற்றினார்கள். நாங்கள் மட்டும் ஏன் நடுவரை அப்படியே விட்டுவிட்டு விதியைத் தூக்கி எறிய வேண்டும்?

1774இல் எழுதின விதிகளிலேயே எல்பி வந்துவிட்டது, ஏனென்றால் அப்போதே துடுப்பாட்டக்காரர்கள் வேண்டுமென்றே காலை வைத்து ஸ்டம்பை மறைக்கத் தொடங்கியிருந்தார்கள். எல்பி இல்லாவிட்டால் மனிதன் செய்வது அதைத்தான். கால் இரண்டும் ஸ்டம்புக்கு முன்னால், துடுப்பு பின்னால். உள்ளே திரும்புகிற பந்துக்கு வேலை இல்லை, லெக் பிரேக் மாதிரிக் காட்டி மற்றப் பக்கம் திரும்புகிற கூக்ளிக்கும் வேலை இல்லை. யாழ் மத்திய கல்லூரிப் பிள்ளை வியாஸ்காந்த் லெக் ஸ்பின் போட்டு 2020இல் லங்கா பிரீமியர் லீக் (எல்பிஎல்) ஆடி, 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கும் ஆடினதைப் பார்த்து எங்கள் ஊரில் எத்தனை சின்னப் பெடியங்கள் இப்போது மணிக்கட்டைத் திருப்பிப் போட்டுப் பழகுகிறார்கள் தெரியுமா? அந்தப் பிள்ளைகளிடம் போய், பந்து நேராக ஸ்டம்புக்குத்தான் போனது, ஆனால் அவன் காலை வைத்துத் தடுக்கலாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

எதிர்ப்பக்கத்து நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பாயில் பந்து புல் பிட்சை விட அதிகமாக எழும்பும். முழங்காலுக்கு மேல் பட்ட பந்து பெரும்பாலும் ஸ்டம்புக்கு மேலாலே போய்விடும், ஆனால் பந்து போடுகிறவனுக்கு எல்லாமே அவுட் மாதிரித்தான் தெரியும். எங்கள் மைதானங்களில் நடக்கிற எல்பிச் சண்டையில் பாதி இதனால் வருகிறது. விதியை ஒருவரும் முழுதாகப் படித்ததில்லை என்பதும் இன்னொரு காரணம். துடுப்பாட்டக்காரனின் கால் பக்கத்து ஸ்டம்பான லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தின பந்துக்கு எல்பி இல்லை என்பது பத்து வருடம் விளையாடினவர்களுக்கே தெரியாது. மற்றப் பக்கத்து ஓப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டால், அடிக்க முயன்றானா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது. பந்து எங்கே குத்தியது, முதலில் துடுப்பில் பட்டதா, கால் எங்கே நின்றது, ஸ்டம்பில் பட்டிருக்குமா, அது நோ போலா. இந்த ஐந்து கேள்விதான். ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் படித்துவிடலாம்.

மென்பந்தில் எல்பி வைப்பதில்லையே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மென்பந்து வேறு விளையாட்டு. பாட் இல்லை, ஆறு ஓவர், எட்டு ஓவர், இரவு வெளிச்சத்தில் ஊரே வந்து பார்க்கும், அது அதன் அழகு, நானும் விளையாடுகிறவன்தான். கடினபந்தை அதுபோல ஆக்கினால் பிறகு எதற்குக் கடினபந்து?

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் குறையில்லை. மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் ஆடுகிற 'வடக்கின் பெரும் போர்' என்கிற கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது, போர்க் காலத்தில் சில வருடங்கள் நடக்கவில்லை, ஆனாலும் விடவில்லை. இன்றைக்கும் மார்ச் மாதம் மூன்று நாள் யாழ்ப்பாணம் வேறு மாதிரித்தான் இருக்கும். உயர்தரம் எழுதி முடித்த பிறகுதான் பிரச்சினை. அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது எங்களைப் போன்ற கழகங்கள்தான். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். நல்ல விசயம், நானும் சந்தோசப்பட்டேன். அந்த மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்றால் அதற்கு முன்னால் எங்கள் லீக்கில் எல்பியோடு விளையாடிப் பழகியிருக்க வேண்டும்.

விதியே மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிரிக்கெட் விதிகளை எழுதுகிற எம்சிசியே மாற்றுகிறது. 2022இல் பந்தில் எச்சில் பூசுவதை நிரந்தரமாக நிறுத்தினார்கள், பந்து போடும் முன்னமே கோட்டை விட்டு ஓடுகிற மறுமுனைக்காரனை ஆட்டமிழக்கச் செய்வதைச் சாதாரண ரன் அவுட் பகுதிக்குள் கொண்டுவந்தார்கள். எல்லைக்கு வெளியே நின்று துள்ளித் துள்ளித் தட்டிப் பிடிக்கிற பிடிக்கும் 2026 ஒக்டோபரிலிருந்து விதி மாறுகிறது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். இவை எல்லாம் விளையாட்டை நேராக்குகிற மாற்றங்கள். அதேபோல எங்கள் லீக்கிலும் மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. துடுப்பெடுத்தாடுகிற அணியே நடுவர் விடுகிற வழக்கம். அப்பாக்கள் காலத்து வழக்கம்தான், எனக்கும் அதில் பாசம் உண்டு, ஆனால் அதைத்தான் விட வேண்டும். அன்றைக்குப் போட்டி இல்லாத கழகம் இரண்டு பேரை அனுப்பட்டும். பருவம் தொடங்கும் முன்னம் ஒவ்வொரு கழகத்திலிருந்தும் இரண்டு பேரை ஒரு வார இறுதியில் இருத்தி, பரீட்சை எழுதித் தேறின நடுவர் ஒருவரைக் கூப்பிட்டுப் படிப்பிக்கலாம். வருகிறவர்களுக்குப் பெற்றோல் காசும் சாப்பாடும் கொடுக்க வேண்டும்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பழைய வீரர்கள் ஒவ்வொரு வருடமும் கிண்ணத்துக்கும் ஜேர்சிக்கும் அனுப்புகிறார்கள். என்னுடைய வீட்டு அலுமாரிக்குள் ஏழு ஜேர்சி இருக்கிறது, ஏழும் வேறு வேறு நிறம். அண்ணாக்களே, இந்த வருடம் ஜேர்சி வேண்டாம். அந்தக் காசை நடுவருக்கும் மத்தியானச் சோற்றுக்கும் தாருங்கள். 22 வீரர், நடுவர், ஸ்கோர் எழுதுகிறவர், பாய் விரிக்கிற பெடியங்கள் என்று முப்பது பேருக்குக் கடையில் பார்சல் எடுத்தால் இப்போதைய விலைக்குக் கட்டுப்படியாகாது என்பது சரிதான். முன்னர் போல ஒரு வீட்டில் சமைப்போம். அரிசி ஒரு வீடு, தேங்காய் ஒரு வீடு, மீனுக்கு மட்டும் காசு போதும். ஒரே நாளில் இரண்டு போட்டி வைத்தாலும் காலைப் போட்டிக்காரரும் பின்னேரப் போட்டிக்காரரும் நடுவில் ஒன்றாக இருந்து சாப்பிடலாம், முக்கால் மணி நேரம் போதும்.

அடுத்த கூட்டம் வாற ஞாயிறு, பின்னேரம் நான்கு மணிக்கு, அதே சனசமூக நிலையத்தில். கழகத்துக்கு ஒரு வாக்கு. உங்கள் செயலாளரிடம் இப்பவே கதையுங்கோ, முடிந்தால் நீங்களும் வாங்கோ. எங்கள் கழகத்திலிருந்து நடுவர் வகுப்புக்கு இரண்டு பெயர் கொடுத்துவிட்டோம். ஒன்று என்னுடையது.