அட்டை தட்டாதவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்

சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் பஸ்ஸைக் குறைத்தது பற்றி நடந்த சனிக்கிழமைக் கூட்டத்தை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். "பாட்டி, டேட்டா பொய் சொல்லாது" என்று பதில் சொல்ல வந்த தம்பி சொன்னதும், கேள்வி கேட்ட வயதான அம்மா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டதும் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) எப்படிப் போவது என்றுதான் அந்த அம்மா கேட்டார். பதிலுக்கு, பஸ்ஸில் எத்தனை பேர் பயண அட்டையைத் தட்டினார்கள் என்ற வரைபடத்தைக் காட்டினார்கள்.

பொய் சொல்லாது, சரி. ஆனால் யார் அட்டையைத் தட்டினார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நிறுத்தத்தில் நின்று நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பியவரைத் தெரியாது. கிளம்பவே கிளம்பாதவரைச் சுத்தமாகத் தெரியாது.

என் அம்மாவையே சொல்கிறேன். முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய்வந்தவர். பஸ் இடைவெளி கூடியதும் அவ்வளவு நேரம் நிற்க முடியாமல், சனி ஞாயிறில் நான் கூட்டிப்போகட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர். மகளிடம் கேட்கவும் கூச்சம். கறிவேப்பிலை இல்லாமலேயே தாளித்துவிட்டு "பரவாயில்லம்மா" என்பார். கணினியில் இதெல்லாம் எப்படிப் பதிவாகியிருக்கும்? வார நாளில் ஒரு பயணி குறைந்தார், அவ்வளவுதான். ஆள் இல்லை என்று பஸ்ஸைக் குறைக்கிறார்கள், பஸ் குறைந்ததால் இன்னும் ஆள் குறைகிறது, பிறகு அதையே ஆதாரமாகத் திரையில் போடுகிறார்கள்.

"உங்களுக்குத் தொழில்நுட்பமே பிடிக்காது" என்று சிலர் எழுதுவீர்கள். அபாண்டம். 2016-இல் இங்கே வட்டப்பாதை (சர்க்கிள் லைன்) ரயில்கள் காரணம் தெரியாமல் நின்று நின்று போனபோது, அரசாங்கத் தரவு அறிவியலாளர்கள் ஒவ்வொரு சம்பவத்தையும் நேரம், இடம் வாரியாகப் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பாதையில் கடந்துபோகும் ஒரே ரயில், பிவி46, மற்ற ரயில்களின் சமிக்ஞையைக் கெடுப்பது தெரியவந்தது. அன்று நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று என் பழைய பதிவுகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் ரயிலிடம் போய் ஏன் என்று கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாம் இல்லையா?

மழை பெய்தால் டாக்சி கிடைக்காதே, அதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இங்கே நடத்தும் ஆய்வு மையத்தில் 83 கோடி ஜிபிஎஸ் பதிவுகளை மழைத் தகவலோடு ஒப்பிட்டார்கள். மழை வந்ததும் நிறைய டாக்சிகள் ஓடாமல் நின்றுவிடுவது தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை. ஓட்டுநர்களிடம் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விபத்து நடந்தால், யார் மேல் தவறு என்று முடிவாகும்வரை ஓட்டுநரின் பணத்தில் 1,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) அப்போது டாக்சி நிறுவனம் பிடித்து வைத்துவிடுமாம். ஈரச் சாலையில் யார் வண்டியை எடுப்பார்? 83 கோடிப் பதிவுகளிலும் அந்த ஆயிரம் வெள்ளி இல்லை. வாய்திறந்து கேட்டதில்தான் இருந்தது.

"காலி பஸ் ஓட்டுகிற செலவை யார் கொடுப்பது?" நியாயமான கேள்விதான். ஆனால் 2023-இல் 167-ஆம் எண் பஸ்ஸை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு, மக்கள் பேசியதும் அரை மணிக்கு ஒரு பஸ் என்று தக்கவைத்தார்களே! பயணிகள் எண்ணிக்கை அதே எண்ணிக்கைதான். காது கொடுத்துக் கேட்டார்கள், முடிவு மாறியது. எங்கள் பேட்டைக்கு மட்டும் ஏன் அந்தக் காது இல்லை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆறவில்லை எனக்கு. விடியுமுன் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்களே நம் வெளிநாட்டு ஊழியர்கள், அந்தப் பயணத்துக்கு எந்த அட்டையும் தட்டப்படுவதில்லை. எத்தனை மணிக்கு எழுந்தார்கள், மழையில் எங்கே நனைந்தார்கள் என்று எந்த வரைபடமும் காட்டாது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்தால் மட்டும் நம் எல்லார் கண்ணுக்கும் கூட்டமாகத் தெரிகிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்து, தொழிற்சாலைகள் நிறைந்த துவாஸில் வேலை பார்க்கிறான் என் அத்தை பேரன். அவனும் இந்த ஊர்ச் சாலையில்தான் தினமும் போய்வருகிறான்.

"பஸ்ஸில் ஆரம்பித்து லாரிக்குப் போய்விட்டீர்களே அக்கா" என்பீர்கள். ஆமாம், போய்விட்டேன். போகத்தான் வேண்டியிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அன்றைக்குத்தான் அவர்களுக்கு லீவு. மொழிபெயர்க்க நான் வருகிறேன், காசு வேண்டாம்.