டிராகன் செத்த பிறகு வரும் ஐந்து அத்தியாயங்கள்

'ஹாபிட்' நாவலைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரியவர்கள் பலர், டிராகன் செத்ததும் "சுபம்" போட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. டோல்கீன் எழுதி 1937-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் மொத்தம் 19 அத்தியாயங்கள். ஸ்மாக் என்கிற டிராகன் 14-ஆவது அத்தியாயத்திலேயே செத்து ஏரியில் விழுந்துவிடுகிறது. கொன்றதும், குள்ளர்களோடு அவர்கள் புதையலை மீட்கக் கிளம்பிய நம் கதாநாயகன் பில்போ இல்லை, ஏரிக்கரை ஊரின் பார்ட் என்கிற வில்லாளி. அப்படியென்றால் மிச்சம் ஐந்து அத்தியாயம் எதற்கு?

இந்தக் கேள்வி ஒரு ஆறாம் வகுப்புப் பையனுடையது. வீரவநல்லூரில் எங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இந்தக் கதையைத் தமிழில் சொல்லி வந்தேன். ஸ்மாக் விழுந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் என் மடியில் இருந்த புத்தகத்தின் பாக்கித் தாள்களைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "அதான் செத்துட்டுல்லா மாமா, பெறவு எதுக்கு இம்புட்டுப் பக்கம்?" என்றான்.

டிராகன் போய்விட்டது, அது மலைக்குள் குவித்துக் காவல் காத்த தங்கம் அப்படியே கிடக்கிறது. அது யாருக்கு? எங்க தாத்தா சொத்து என்கிறான் குள்ளர் தலைவன் தோரின். டிராகனைக் கொன்றது நான், எரிந்துபோனது எங்கள் ஊர், அந்தக் குவியலில் எங்கள் முன்னோர் பொருளும் கிடக்கிறது என்கிறான் பார்ட். பன்னிரண்டில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். தோரின் அம்பு விட்டுப் பதில் சொல்கிறான்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் பங்காளிச் சண்டையைக் காணாமல் வளர்ந்த பிள்ளை உண்டா? வரப்பு, கிணற்று முறை, தாத்தா எழுதி வைக்காமல் போன பத்திரம் என்று எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு வளர்கிற பிள்ளைகள் அல்லவா. "தாத்தா சொத்துன்னா பேரனுக்குத்தான்" என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். "அப்போ வீடு எரிஞ்சவங்க எங்க போவாங்க?" என்றாள் அவள் தங்கை. டிராகனுக்கு இவ்வளவு வாக்குவாதம் நடக்கவில்லை.

அப்புறம் பில்போ செய்கிற காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. குள்ளர்களோடு போட்ட ஒப்பந்தப்படி அவனுக்குப் பதினான்கில் ஒரு பங்கு. தோரின் உயிராய் மதிக்கும் ஆர்கன்ஸ்டோன் என்கிற மணி அவன் கையில் இருக்கிறது. ராத்திரியில் கயிற்றைப் பிடித்து இறங்கிப் போய், அதைப் பார்டிடம் கொடுத்து, "இதை வைத்துப் பேரம் பேசுங்கள், சண்டை வேண்டாம்" என்கிறான். எங்களோடு இருந்துவிடு என்று பார்டின் பக்கம் நிற்கும் எல்ஃப் என்கிற வனவாசிகளின் அரசன் சொல்லியும் கேட்கவில்லை. நடுராத்திரியில் எழுப்புகிறேன் என்று கூட்டாளி பாம்பருக்குச் சொல்லியிருக்கிறானாம், அதனால் திரும்பிப் போகிறான். கொடுத்தது நான்தான் என்று தோரின் முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்கிறான். தோரின் அவனை மதிலிலிருந்து தூக்கி எறியப் பார்க்கிறான். சொந்தப் பக்கத்தின் தப்பைத் தடுத்துவிட்டு, அவர்கள் கோபத்தை வாங்கிக்கொள்ளத் திரும்பிப் போகிற துணிச்சல் வாள் வீசுவதைவிடப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர், அரசனிடம் பெற்ற செல்வத்தை ஒருவரிடம் நம்பிக் கொடுத்து ஏமாந்து, அதை மீட்டு, பொதிகையில் அகத்தியரைப் பார்த்து என்ன செய்யட்டும் என்று கேட்டாராம். பசு நடந்து போகிற வழியில் கால்வாய் வெட்டச் சொன்னாராம் முனிவர். கன்னடியன் கால்வாயின் கதை அது. கல்லிடைக்குறிச்சி முதல் சேரன்மகாதேவி வரை அந்தத் தண்ணீர் பாய்கிற வயல்களைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, பொன்னை என்ன செய்வது என்ற கேள்வி புதிதல்ல.

சின்னப் பிள்ளைக்குத் துரோகமும் சாவும் எதற்கு என்று கேட்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். டோல்கீன் முதல் உலகப்போரில், 1916-இல், பிரான்சின் சோம் போர்முனையில் நின்றவர். இந்தக் கதையின் கடைசியில் அவர் எழுதிய பெரும்போரில் பில்போ கல்லடி பட்டு மயங்கிக் கிடக்கிறான், வெற்றியைக்கூடப் பார்ப்பதில்லை. தோரின் சாகும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். இதில் பிள்ளை கெட்டுப்போக என்ன இருக்கிறது?

பில்போ ஊர் திரும்பினால், அவன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்! சொந்த நாற்காலியைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலைமை. இந்த இடத்தில் எங்கள் திண்ணை சிரித்த சிரிப்பு எதிர்வீட்டு ஆச்சியை வெளியே வர வைத்துவிட்டது.

கோடை விடுமுறைக்கு இந்தக் கதையை எடுக்கிறவர்கள் பில்போ மணியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற 16-ஆவது அத்தியாயத்தை மட்டும் சுருக்காதீர்கள். நேரம் இல்லையென்றால் முன்னால் வரும் பூதங்களையும் சிலந்திகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பிள்ளைகள் பிற்பாடு தாங்களாகவே தேடி வாசித்துக்கொள்வார்கள்.