விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு டாக்டர்

என் மாமா 2007-லிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இமாடினிப் என்ற ஒரு மாத்திரை போடுகிறார். கூடவே ஒரு சொம்புத் தண்ணீர். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கண்ணைச் சுற்றி எப்போதும் லேசான வீக்கம் இருக்கும், சில ராத்திரிகளில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டையும் விட்டால், அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காலை எட்டரைக்கு லேத் பட்டறையைத் திறந்துவிடுவார்.

போன மாதம் திடீரென்று கேட்டார். "மாப்ளே, இந்த மாத்திரையக் கண்டுபிடிச்ச ஆள் யாருடா?" எனக்குத் தெரியும். இத்தனை வருடமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். சொல்ல ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பெயரில் பதில் சொல்ல முடியாது. ஆனால் பிரையன் ட்ரூக்கர் என்ற ஒரு பெயரைச் சொல்லாமலும் இருக்க முடியாது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

மாமாவுக்கு வந்தது க்ரானிக் மைலாய்டு லுகேமியா, சுருக்கமாக சி.எம்.எல். இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, இடது பக்கம் கனக்கிறது என்றார். அல்சர் என்று நாலு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் இரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம். பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியது. வயிறு கனத்ததற்குக் காரணம் வீங்கிப்போன மண்ணீரல்.

இந்த நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1960-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், சி.எம்.எல். நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) மட்டும் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதாக எழுதினார்கள். நோவெல் கண்ணாடித் தகட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவப்போய், அணுக்கள் உப்பி, உள்ளே இருந்த குரோமோசோம்கள் பிரிந்து தெரிந்ததில் தொடங்கிய வேலை அது. 1973-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி அந்தக் குட்டைத்தனத்துக்குக் காரணம் சொன்னார்: ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் தங்கள் நுனிகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. நாலு பிள்ளைகளை வளர்த்தபடி பல வருடம் பகுதிநேரமாக வேலை பார்த்தவர் அவர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து அடுக்கிக்கொண்டிருப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

நுனிகள் இடம் மாறியதில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற என்சைம் நிற்கவே தெரியாதது. பெருகு, பெருகு என்று அணுவை விரட்டிக்கொண்டே இருக்கும். பட்டறைக்காரரிடம் நான் சொன்னது: சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது மாமா, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த என்சைமுக்குச் சக்தி தரும் பொருள் வந்து உட்கார ஒரு குழி உண்டு. மாத்திரை அந்தக் குழியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவர் உடனே, "ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கின மாதிரி" என்றார். இதைவிட நன்றாக நான் எங்கும் படித்ததில்லை.

இங்கேதான் பிரையன் ட்ரூக்கர் வருகிறார். 1955-ல் மினசோட்டாவில் பிறந்தவர். புற்றுநோய் டாக்டராகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, பாஸ்டனில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த மாதிரி என்சைம்களைப் பற்றி வேலை பார்த்தார். அங்கிருந்தபோது சுவிட்சர்லாந்தின் சிபா-கெய்கி கம்பெனியில் இருந்த நிக் லைடன் பழக்கமானார். என்சைம்களை அடைக்கும் மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தவர் லைடன். அப்படி ஒரு மருந்தைச் சோதிக்க சி.எம்.எல்.-தான் சரியான நோய் என்று அவரிடம் வாதாடியவர் ட்ரூக்கர். காரணம் எளிது: மற்ற புற்றுநோய்களில் பத்து இடத்தில் பழுது இருக்கும், இதில் பழுது ஒரே இடத்தில்.

அந்த பாஸ்டன் நிறுவனம் பிறகு போட்டிக் கம்பெனியான சாண்டோஸோடு ஒப்பந்தம் போட்டதால், லைடனோடு சேர்ந்து வேலை செய்ய வழியில்லாமல் போனது. 1993-ல் ட்ரூக்கர் நாட்டின் மறு கோடிக்கு, ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லேண்டுக்குப் போனார். போனதும் லைடனைத் தொடர்புகொண்டார். யூர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளர் செய்த சேர்மங்களில் சில அவர் கைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, நோயாளிகளின் இரத்தத்திலும் மஜ்ஜையிலும் இருந்து வளர்த்த நோயுற்ற அணுக் கூட்டங்களை 92 முதல் 98 சதவீதம் வரை குறைத்தது. நல்ல அணுக்களை ஒன்றும் செய்யவில்லை. 1996-ல் இது கட்டுரையாக வெளிவந்தது.

சரி, உடனே மருந்தாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. சிபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனதில் எல்லாம் கலைந்து அடுக்கப்பட்டது. அதோடு, அப்போது அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் ஐயாயிரம் பேருக்கு மட்டும் வந்த நோய் இது. இவ்வளவு சின்னச் சந்தைக்கு இவ்வளவு செலவா என்ற கணக்கு. ஒரு கம்பெனி அப்படிக் கணக்குப் பார்ப்பதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்ப் பக்கத்தில், அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாமல், மனிதர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள், கொடுத்துப் பாருங்கள் என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரூக்கர் அந்த ஆள். அப்போது இருந்த மருந்து இன்டர்ஃபெரான் ஊசி. போட்டுக்கொண்டவர்கள் பலர் நாள் கணக்கில் ஃபுளூ காய்ச்சல் வந்தவர்கள் போலக் கிடந்தார்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வழியும் இல்லாவிட்டால், மிச்சம் இருப்பது சில வருடங்கள். ட்ரூக்கர் அவர்களைத் தினமும் நேரில் பார்த்த டாக்டர்.

1998 ஜூனில்தான் முதல் நோயாளிக்கு மாத்திரை கொடுத்தார்கள். போர்ட்லேண்டில் ட்ரூக்கர், லாஸ் ஏஞ்சலஸில் சார்ல்ஸ் சாயர்ஸ், ஹூஸ்டனில் மோஷே டல்பாஸ். இன்டர்ஃபெரான் கைவிட்டவர்கள்தான் அதில் சேர்ந்தவர்கள். தினமும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியானது. ஐம்பத்து நாலில் ஐம்பத்து மூன்று! புற்றுநோய் மருந்தின் முதல் கட்டச் சோதனை என்பது எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்க்கத்தான். குணம் தெரிவதே அபூர்வம். அப்புறம் செய்தி பரவியது. போதுமான மருந்து செய்யச் சொல்லி நோயாளிகளே ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிக் கம்பெனித் தலைவருக்கு மனு அனுப்பினார்கள். 2001 மே 10 அன்று அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதுதான் இமாடினிப், க்ளீவெக் என்ற பெயரில் வந்தது. குட்டைக் குரோமோசோம் கண்ணில் பட்டு 41 வருடம் கழித்து.

அதனால்தான் ஒற்றைப் பெயர் பதில் போதாது என்றேன். நோவெலும் ரௌலியும் மருந்தை மனதில் வைத்து வேலை செய்யவில்லை. சிம்மர்மன் மூலக்கூறைச் செய்தார், லைடன் அந்தத் தேடலை நடத்தினார். ட்ரூக்கர் அந்த மருந்தைச் செய்தவர் இல்லை. அவர் செய்தது வேறு, அதற்கு நம் பேச்சில் பட்டம் எதுவும் கிடையாது: அலமாரியில் கிடந்து போயிருக்கக்கூடிய ஒன்றை, இது யாருக்குத் தேவை என்று தெரிந்ததால், அலமாரியில் கிடக்க விடவில்லை. ஒரு ஆராய்ச்சியாளரின் வாழ்க்கையில் இதை நான் கண்டுபிடிப்புக்கு ஒரு படிகூடக் கீழே வைக்க மாட்டேன். 2009-ல் அவருக்கும் லைடனுக்கும் சாயர்ஸுக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தபோது, கொடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. இமாடினிபின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்காக நோவார்ட்டிஸ் 1998-ல் இங்கே விண்ணப்பித்த காப்புரிமையை, 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. பழைய பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் அது கூடுதலாகக் குணமும் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. கம்பெனி மருந்து மாதம் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய், இந்தியக் கம்பெனிகள் செய்ததோ எட்டிலிருந்து பத்தாயிரம். எங்கள் மாமாவுக்கு அந்த எட்டாயிரமே கஷ்டம். அத்தை இரண்டு வளையலை விற்றாள். நோவார்ட்டிஸ் இந்தியாவில் பல ஆயிரம் பேருக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு மருந்து கையில் கிடைப்பது கொடுப்பவரின் மனசைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பதே என் கட்சி. 2013-ல் நூற்றுக்கும் மேற்பட்ட சி.எம்.எல். நிபுணர்கள் இந்த வகை மருந்துகளின் விலையைக் கண்டித்து எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ட்ரூக்கரும் ஒருவர். இதைப் படித்த அன்று அவர் மேல் எனக்கு இருந்த மதிப்பு இரட்டிப்பானது.

எல்லாருக்கும் இந்த மருந்து கைகொடுப்பதில்லை. அந்தக் குழியின் வடிவம் மாறிவிட்டால் மாத்திரை உட்காராது. அதற்காக டாசாடினிப், நிலோடினிப், பொனாடினிப் என்று அடுத்தடுத்து வந்தன. ட்ரூக்கரும் பேர் வாங்கிய நோயோடு நிற்காமல், ஏ.எம்.எல். என்ற கடுமையான லுகேமியாவுக்குப் போனார். அதில் பழுது ஆளுக்கு ஆள் வேறு. அவர் குழு 562 நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து, எந்தப் பழுதுக்கு எந்த மருந்து கேட்கிறது என்று 2018-ல் வெளியிட்டது. அங்கே இன்னும் ஒற்றை மாத்திரை கிடைக்கவில்லை.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவருக்கும் என் வயசு இருக்கும் போல" என்றார். அப்புறம் வேறொன்று கேட்டார். பல வருடமாக அவருடைய பி.சி.ஆர். (PCR) என்ற இரத்தச் சோதனையில் நோயின் தடயமே இல்லை. அதனால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரே பேச்சை எடுத்திருக்கிறார். பிரான்சில் நூறு பேரை வைத்துச் செய்த சோதனையில், சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் ஆன பிறகும் நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் கட்டுப்பட்டது. அத்தைக்குத் துளியும் இஷ்டமில்லை. மாமாவுக்கு ஆசை இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டேன் என்கிறார். இன்னொரு சோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வருகிறது, நானும் கூடப் போகிறேன்.