மூலையில் விழும் குறுக்குக் கீறல்
மர அலமாரிக் கதவுகளை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் வேலையில் என்னை மிகவும் வருத்துவது, தேய்க்கும்போது கண்ணுக்கே தெரியாமல் இருந்துவிட்டு, சாயம் பூசிய மறுகணமே கருங்கோடுகளாக எழுந்து நிற்கும் கீறல்கள்தான். முரட்டுத்தனமான 120-ஆம் எண் தாளில் தொடங்கி, 180-ஐக் கடந்து, நுண்ணிய 220 வரை பொறுமையாக வந்த பிறகும், நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் சேரும் மூலையில் இழைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடுவதால், ஒன்றைத் தேய்க்கும் கை சற்றே நழுவினாலும் மற்றதன் மீது குறுக்குக் கீறல் விழுந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் சாயம் கூடுதலாக ஊறிக் கறுத்துப்போகிறது. அதை நீக்க வேண்டுமென்றால் பூசிய சாயத்தையும் சேர்த்தே தேய்த்தெடுக்க வேண்டும். எனக்கு மூன்று நாள் உழைப்பு இப்படித்தான் வீணானது. அவசரப்பட்டு இடையில் ஓர் எண்ணைத் தாண்டினாலும் இதே கதிதான், ஏனெனில் முரட்டுத் தாள் விட்டுச்சென்ற ஆழமான தடங்களை நுண்ணிய தாளால் எளிதில் அழிக்க முடியாது. வளைவு வேலைப்பாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீர் கலந்த பூச்சு என்றால், ஈரம் பட்டதும் இழைகள் சிலிர்த்தெழுந்து வழுவழுப்பான பரப்பு மீண்டும் சொரசொரப்பாகிவிடுகிறது. பூச்சு உலரும் நேரத்தை டப்பாவின் மேல் அச்சிடுபவர்கள், அதற்கு முன் தேய்க்க ஆகும் நேரத்தையும் அச்சிட்டால் என்ன?