காரை விட்டு இறங்காதீர்கள்

தனுஷ்கோடி காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டத்தை நோக்கி ஒருவர் ஓடுகிறார், இன்னொருவர் கேமராவோடு காத்திருக்கிறார், மொத்தக் கூட்டமும் எழும்புகிறது. கீழே பாராட்டு மழை. பொதுமக்கள் பாராட்டினால் தெரியாமல் செய்கிறார்கள் என்று விட்டுவிடலாம். வருடக்கணக்கில் பறவை படம் எடுப்பவர்களே "செம ஷாட்" என்று எழுதியிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பறவையைக் கிளப்பிவிட்டுப் படம் எடுக்காதீர்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, சலித்துத் தின்கிற பறவை. ஒரு முறைக்குச் சிக்குவது சொற்பம். அதனால்தான் மணிக்கணக்கில் குனிந்தபடியே நிற்கிறது. கனத்த உடம்பு வேறு. நீரில் ஓடி ஓடித்தான் மேலே எழும்ப முடியும். நீங்கள் ஒரு தடவை கிளப்பிவிட்டால் மேய்ச்சலும் போகிறது, தின்றதும் செலவாகிறது. அடுத்த கார் வந்து அதையே செய்கிறது.

படத்துக்காவது லாபமா? அதுவும் கிடையாது. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். பூநாரை வருகிற மாதங்களில் அங்கே வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. சாலைப் பக்கமிருந்து, அதாவது தெற்கிலிருந்து விரட்டினால் கூட்டம் வடகிழக்கே போகும். உங்களுக்குக் கிடைப்பது வாலும் காலும்தான். சும்மா இருந்தால் அவையே இடம் மாறும்போது பக்கவாட்டில் கடக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கே பார்த்து எடுக்கும் படத்துக்கு வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கமிருந்து விழும். இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் கார்தான் மறைவிடம். ஓரம்கட்டி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஓடினால் அதிர்வு லென்ஸுக்கு வரும். கண்ணாடியைத் தூரத்திலேயே இறக்கி ஏசியையும் நிறுத்திவிடுங்கள். உள்ளே குளிர்ந்த காற்று, வெளியே வெக்கை, இரண்டும் ஜன்னலில் கலந்தால் படம் கலங்கும்; பலர் இதற்கு லென்ஸைக் குறை சொல்கிறார்கள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, ஒன்றரைக் கிலோ பச்சைப்பயறு போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள், முக்காலியே தேவையில்லை. ஷட்டர் வேகம் மேய்கிற பறவைக்கு 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000. வெள்ளை இறகு வெளுத்துப்போகாமல் கேமராவில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை, அதாவது ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். காலை 9 மணிக்கு மேல் மணலில் கானல் எழ ஆரம்பித்தால் எந்த லென்ஸும் உதவாது, கிளம்பிவிடலாம். குனிந்திருந்த கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்து, கூட்டம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

"மீனவர்களும் அதே நீரில்தானே இறங்குகிறார்கள்" என்பார்கள். இறங்குகிறார்கள். வலையைப் பார்த்துத் தம் போக்கில் நடக்கிறார்கள், பறவைகளும் நாலடி விலகி மேய்கின்றன. நேராகத் தன்னை நோக்கி ஓடி வருகிறவனை அவற்றுக்குத் தெரியும். "ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்தோம்" என்கிறவருக்கு என்னிடம் பதில் இல்லை. "நீ என்ன வனத்துறையா?" இல்லை. ஆனால் 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டை என்று சொல்வதில் விலங்கை விரட்டுவதும் அடக்கம். துப்பாக்கி இல்லை என்பதால் தப்பு இல்லை என்று ஆகிவிடாது.

இதே ஆட்கள்தான் ராமேஸ்வரம் தீவிலிருந்து திரும்பும்போது மொட்டைப்பனைப் பொந்தில் புள்ளி ஆந்தையைப் பார்த்ததும் மரத்தைத் தட்டுகிறார்கள். கண் திறந்தால்தான் படமாம்! பகலில் வெளியே விரட்டப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்து கொத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களையே உற்றுப் பார்த்தால் அது போஸ் கொடுக்கவில்லை, பதறுகிறது. பின்வாங்குங்கள். பொழுது சாயும்போது அதுவே பொந்து வாசலில் வந்து உட்காரும். அசையாமல் இருக்கிற பறவைக்கு 1/60 போதும், ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200 வைத்துக்கொள்ளுங்கள், ஓசையில்லா ஷட்டர். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டுக்கு விரிந்த கண் அது, கூச்சம் தெளியும்வரை எதன்மீது மோதும் என்று அதற்கே தெரியாது. அலைபேசியில் ஆந்தைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆந்தை நுழைந்துவிட்டது என்று நினைத்து, குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

இவ்வளவும் எழுதினால் "பொறாமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், தெரியும். சொல்லிக்கொள்ளட்டும். ஆந்தைப் படத்தோடு போட்டிருக்கிற அந்தப் பனைமரத்தின் இடக்குறியை மட்டும் பதிவிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். இது ஆந்தைகள் கூட்டில் இருக்கும் காலம், பின்னூட்டத்தில் ஏற்கெனவே ஆட்கள் வழி கேட்கிறார்கள்.