பயாஸைப் புதுப்பித்தால் தேய்ந்த பிராசஸர் சரியாகிவிடாது

கும்பகோணத்தில் விலைக்கு வரும் பழைய கோர் ஐ9-13900கே (இன்டெலின் 13ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்) பற்றிக் கேட்ட நண்பருக்கு, "பிராசஸர் தேயாது, பயாஸைப் புதுப்பித்துவிட்டுத் தாராளமாக ஓவர்க்ளாக் செய்யலாம்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறான வழிகாட்டல். (பயாஸ் என்பது மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்; ஓவர்க்ளாக் என்பது பிராசஸரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது.) இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலையிழப்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் 0x129 மைக்ரோகோடை (பயாஸ் புதுப்பிப்போடு வரும், பிராசஸரின் உள்கட்டளைகளுக்கான திருத்தம்) வெளியிட்டது. அது இனி நேரக்கூடிய சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே நேர்ந்ததைச் சரிசெய்யாது என்பதையும் இன்டெலே தெளிவுபடுத்தியது. பழைய உரிமையாளர் எந்த பயாஸில், எவ்வளவு காலம் ஓட்டினார் என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை.

விண்டோஸ் திறக்கிறது என்று விற்பவர் காட்டுவது சோதனையாகாது. ஓவர்க்ளாக் ஏதுமின்றி, இயல்பு அமைப்பில் அரைமணி நேரமாவது, பிராசஸருக்கு முழுச்சுமை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஓட்டிவிட்டு, விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'வியா' (WHEA) எனப்படும் வன்பொருள் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். இயல்பு அமைப்பிலேயே 253 வாட் வரை இழுத்து, 100 டிகிரி செல்சியஸ் வரம்பைத் தொடக்கூடிய இதை, நம் டெல்டாவின் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் மேலும் முடுக்குவதற்கு இடமே இருக்காது (விற்பவர் டிசம்பர் மழையில் சோதித்துக் காட்டினால் அதையும் கணக்கில் கொள்ளவும்).

மேலும், நண்பரிடம் இருப்பதாகச் சொல்லும் பி760 மதர்போர்டில் பிராசஸரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியை உயர்த்த முடியாது. அதற்கு இசட்690 அல்லது இசட்790 வகை போர்டு தேவை.