அது வாழைப்பழக் காமெடிப் பாட்டு அல்ல

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பு ஆண்டுவிழாவில், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபான்டே பாடிய 'டே-ஓ' என்ற வாழைத்தார்ப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடியதைக் காணொளியில் பலரும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் மஞ்சள் உடையில் ஆடியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. "வாழைப்பழத்தைப் பற்றிப் பாடியே பணக்காரரான அமெரிக்கர்" என்று ஹாரி பெலஃபான்டேயைத் தொகுப்பாளர் அறிமுகப்படுத்தினாரே, அந்த ஒரு வரிதான் மூன்று நாளாக மனதை அறுக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியபோது, "பாட்டை ரசியுங்கள், அரசியலை இழுக்காதீர்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பாட்டிலிருந்து எதை எடுத்துவிட்டு ரசிப்பது?

அது ஜமைக்காவின் துறைமுகக் கூலிகள் பாடிய பாட்டு. இரவெல்லாம் கப்பலுக்கு வாழைத்தார் சுமந்தவன், விடிந்துவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும், கணக்குப்பிள்ளையே வந்து தாரை எண்ணு என்று கேட்கிறான். தாருக்குள் ஒளிந்திருக்கும் நச்சுச் சிலந்தியும் அந்தப் பாட்டில் வருகிறது. என் அப்பா 26 ஆண்டுகள் வாழைத்தார் மண்டியில் லாரியிலிருந்து சுமை இறக்கியவர். அவருடைய சட்டையின் வலது தோளில் வாழைக்கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சருகு இடுக்கில் இருந்த தேள் கொட்டி, வீங்கிய கையோடு ஒருநாள் விடியற்காலையில் அவர் வந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கொட்டிய பிறகும் ஏன் உடனே வரவில்லை என்று அம்மா அழுதபோது, கணக்குப்பிள்ளை வரவில்லை, எண்ணாமல் வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்றார். அந்தப் பாட்டை முதன்முதலில் பொருள் புரிந்து கேட்ட அன்று நான் ஏன் அழுதேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியலாம்.

பெலஃபான்டே 1927-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். அவருடைய தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் அவர் ஜமைக்காவில் பாட்டியிடம் வளர்ந்தார். கடற்படையிலிருந்து திரும்பிக் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, செய்த வேலைக்கு அன்பளிப்பாக ஒருவர் கொடுத்த நாடகச் சீட்டுதான் அவரை மேடைப் பக்கம் திருப்பியது. 1954-இல் 'கார்மென் ஜோன்ஸ்' படத்தின் நாயகன் ஆனார். பாடகரான அவருக்கே அதில் இன்னொருவர் பின்னணி பாடினார். 1956-இல் வந்த 'கலிப்சோ' இசைத்தட்டு 31 வாரங்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதன் முதல் பாட்டே இந்தக் கூலிக்காரனின் பாட்டுதான்.

நியூயார்க்கில் பிறந்தவர் ஜமைக்காக்காரர் பாட்டை விற்றுக் காசு பார்த்தார் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்தக் காசு எங்கே போனது என்று பாருங்கள். 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் கைதானவர்களைப் பிணையில் எடுக்கப் பணம் திரட்டியவர் அவர். 1964-இல், மிசிசிப்பி மாநிலத்தில் மூன்று இளம் உரிமைப் போராளிகள் கொல்லப்பட்டிருந்த அந்தக் கோடையில், 70,000 டாலர் ரொக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு, நண்பரான நடிகர் சிட்னி பாய்ட்டியேவையும் அழைத்துக்கொண்டு அங்குள்ள கிரீன்வுட் என்ற ஊருக்குப் போனார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் ஒரு வண்டி அவர்கள் காரைப் பின்னாலிருந்து திரும்பத் திரும்ப இடித்தது. உயிரோடு அரங்கை அடைந்து, காத்திருந்த போராளிகள் முன்னால் அந்தப் பணத்தை மேசையில் கொட்டினார். பேருந்துப் பயணத்தில் இருந்த நிறப்பாகுபாட்டை எதிர்த்து மிசிசிப்பிக்குப் பேருந்தில் போய்ச் சிறைப்பட்ட இளைஞர்கள், இதே வாழைத்தார் மெட்டில் விடுதலை வருகிறது என்று சொற்களை மாற்றிப் பாடியதும் வரலாறு. அவர்களுக்கு அது வேடிக்கைப் பாட்டாக இருக்கவில்லை.

ஒரு கலைஞர் பாடினால் போதாதா, அரசியல் எதற்கு என்கிறீர்கள். அவர் தேடிப் போகாவிட்டாலும் அது அவரைத் தேடி வந்தது. 1968-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உடன் பாடிய பெடுலா கிளார்க் என்ற வெள்ளையினப் பாடகி அவர் கையைத் தொட்டார், அவ்வளவுதான். விளம்பரம் கொடுத்த நிறுவனத்தின் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. கிளார்க் அந்தக் காட்சியை மாற்ற மறுத்துவிட்டார். கையைத் தொடுவதே குற்றமான ஊரில் வாய் திறந்து பாடுவது மட்டும் எப்படி வெறும் பாட்டாக இருக்கும்? முதுமையில், அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கறுப்பினத்தவரான காலின் பவலை எஜமான் வீட்டு அடிமையோடு ஒப்பிட்டு பெலஃபான்டே சொன்னது மிகக் கடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, 2023-இல் 96 வயதில் மறைந்த மனிதரின் வாழ்க்கையை ஒரு பழத்துக்குள் அடைத்துச் சிரிக்க முடியாது.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்று சொல்பவர்களிடம் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரண்டாம் வரிசையில் என் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டின் பொருளைப் பல வருடங்களுக்கு முன்பே வரிவரியாக அவருக்குச் சொல்லியிருக்கிறேன். மெட்டு தொடங்கியதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். அரங்கம் சிரித்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, "அது நம்ம பாட்டுதானேப்பா, ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?" என்று கேட்டார். பேச்சு வராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.